எதிர்க்கடையில் பாதி விலை

டிராவல்ஸ் கடைக்காரி என்றால் நாடு நாடாகச் சுற்றுபவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் ஊரையெல்லாம் வழியனுப்பிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற கூட்டம். எதிர்க்கடைக்காரன் பாதி விலைக்கு விற்க, துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்த அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டோ தெரியாது. உண்டென்றால் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், நானும் உங்கள் பக்கத்தில்தான்.

துடைத்த மேசை

கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் போகிற வழியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் என் கடை. நானும் நஸீமாவும்தான் மொத்த ஸ்டாஃப். தீபாவளி கழிந்து சாலைக்கு அந்தப் பக்கம் பிரபு என்று ஒருவன் கடை திறந்தான். வாயைத் திறந்தால் அக்கா, அக்கா என்று தேன் ஒழுகும். வாசலில் தொங்கிய பேனரில் ‘வெளிநாட்டு டிக்கெட் பாதி விலை’ என்று எழுதியிருந்தது. பொங்கலுக்குள் என் வாடிக்கையாளர்கள் மாடிப்படிக்கு வந்து, திரும்பிப் பார்த்து, சாலையைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள்.

அவன் விற்றது மைல்ஸ். அடிக்கடி பறப்பவர்களுக்கு விமானக் கம்பெனி மைல்ஸ் என்று ஒன்றைச் சேர்த்து வைக்கும். சேர்ந்ததைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். தனக்கு எடுக்கலாம், பிள்ளை குட்டிக்கு எடுக்கலாம், பிரியப்பட்டவருக்குச் சும்மாவும் எடுத்துக் கொடுக்கலாம். காசுக்கு விற்கத்தான் கூடாது. எங்கேயோ இருக்கிறவனிடம் மைல்ஸை மலிவாக வாங்கி, இங்கே இருக்கிறவனுக்கு டிக்கெட்டாக விற்பது பிரபுவின் தொழில். மாட்டிக்கொண்டால் போலீஸ் கீலீஸ் என்று பெரிதாக ஒன்றும் வராது, டிக்கெட்டை மட்டும் ரத்து செய்துவிடுவார்கள். வாங்கினவரிடம் இதை அவன் சொல்வதில்லை.

எனக்குக் கோபமான கோபம். ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது. சித்திரைக்குள் தேறாவிட்டால் காலி செய்துவிட்டு, அம்மா டீச்சராக இருந்த மிஷன் பள்ளியின் ஆபீஸில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்பதாக முடிவெடுத்திருந்தேன். நஸீமாவிடம் சொன்னேன். அவள் எதிர்க்கடைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “நம்மளும் ஒரு ஓரமா அதையே செஞ்சா என்னக்கா? யாரு வந்து பாக்கப் போறா?”

ஹெட்மாஸ்டரின் கால் வீக்கம்

அந்தக் கேள்விக்கு நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோதே ஞானராஜ் சார் படியேறி வந்தார். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். அம்மாவுக்கு மேலதிகாரியாக இருந்தவர், நான் படித்ததும் அவர் பள்ளியில்தான், அதனால் எனக்கு இன்றைக்கும் அவரைக் கண்டால் எழுந்து நிற்கத்தான் தோன்றும். மகளைப் பார்க்க வருஷா வருஷம் அமெரிக்கா போய் வந்ததில் அவரிடம் மைல்ஸ் குவிந்து கிடந்தது. பிரபு நல்ல விலை சொன்னானாம். முன்பின் தெரியாதவனிடம் பாஸ்வேர்டைக் கொடுக்கத் தயக்கமாக இருந்ததால், நீயே விற்றுக் கொடு என்று என்னிடம் வந்துவிட்டார்.

விற்கக் கூடாது சார் என்றேன். விடுவாரா? அத்தனை மணி நேரம் மடக்கி உட்கார்ந்து கால் வீங்கியது என் கால், அந்த வீக்கத்துக்குக் கிடைத்த மைல்ஸும் என்னுடையது, என் பொருளை நான் விற்க எவன் தடுப்பது என்று பாடம் எடுத்தார். கேட்கக் கேட்க அவர் சொல்வதுதான் நியாயமோ என்று எனக்கே தோன்றிவிட்டது. அப்போதுதான் எனக்கு அவருடைய பழைய பிரேயர் மேடை ஞாபகம் வந்தது. இலவச பஸ் பாஸை வேறொரு பையனுக்குக் காசுக்குக் கொடுத்தவனை, அந்த மேடையில் நிறுத்தி அவர் பிரம்பால் வெளுத்ததை ஸ்கூலே பார்த்தது. அந்தப் பையனும் பாஸ் என்னுடையதுதானே சார் என்றுதான் அழுதான். உன் பேருக்குக் கொடுத்த சலுகை, சந்தையில் விற்கிற கத்திரிக்காய் இல்லை என்று சார் அன்றைக்குச் சொன்னார். அதையே மெதுவாக அவருக்குத் திருப்பிச் சொன்னேன். யாருக்காவது பிரியமாகக் கொடுங்கள் சார், அதற்கு ஒரு தடையும் இல்லை என்றும் சொன்னேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அந்த மைல்ஸில் தன் மைத்துனியை மகளிடம் அனுப்பி வைக்க அங்கேயே என்னிடம் டிக்கெட் போடச் சொன்னார். அதில் எனக்குக் கமிஷன் கிடையாது, ஆனால் நஸீமாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. படியிறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “அன்னைக்கு அவன் கைய நீட்டச் சொன்னேன். இன்னைக்கு நீ என் கைய நீட்டச் சொல்லிட்டியே, டீச்சர் மகளே.”

பேர் சொல்லாத பயணி

விற்கிறவர்கள் பெருகினால் சும்மா கொடுக்கிறவர்களும் சந்தேகத்துக்கு ஆளாவார்கள். கீழக்குயில்குடி பேச்சியம்மாளுக்கு அதுதான் நேர்ந்தது. அவர் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை மேஸ்திரி. போய் வந்து சேர்த்த மைல்ஸில் மனைவிக்கு டிக்கெட் போட்டிருந்தார். எல்லாம் முறையாக நடந்தது, பக்கத்தில் இருந்து போட்டுக் கொடுத்ததே நான்தான். ஏர்போர்ட்டில் கவுண்டர் தம்பி, இது யாருடைய மைல்ஸ் என்று கேட்டிருக்கிறான். எங்க வீட்டுக்காரவுக என்றிருக்கிறார். பேர் என்ன என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து புருஷன் பேரைச் சொல்லாதவர் கவுண்டரில் கேட்டதற்காகச் சொல்லிவிடுவாரா? தம்பி மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தான். புரோக்கர் சொல்லிக் கொடுத்த பேரை மறந்துவிட்டார் என்று முடிவு கட்டி, அவரைத் தனியாக நிறுத்தி வைத்துவிட்டான். சுருக்குப் பையில் என் கடைக் கார்டு இருந்ததால் எனக்கு போன் வந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள் தம்பி, கணவர் பேர் அங்கேயே இருக்கும் என்று கத்தினேன்.

அவன் பக்கத்தைத் திருப்புவதற்குள், விஷயம் என்னவென்று பேச்சியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை ஒதுக்கி, முன்கையைத் தூக்கிக் கவுண்டர் மேல் வைத்திருக்கிறார். கல்யாணமான வருஷம் பச்சை குத்திய பேர், எழுத்துக் கொஞ்சம் பரவியிருந்தாலும் பளிச்சென்று இருந்ததாம். பாஸ்போர்ட்டிலும் அதே பேர், மைல்ஸ் கணக்கிலும் அதே பேர். போன் இன்னும் வைக்கப்படாததால் பேச்சியம்மாள் சொன்னது எனக்கே கேட்டது: “இதுக்கா இம்புட்டு நேரம் நிக்க வச்சீக? கேட்டிருந்தா அப்பவே கையக் காட்டியிருப்பேன்ல.”

எல்லோருக்கும் மாமா

விளாங்குடி பாண்டி அண்ணன் சிமெண்ட் கடைக்காரர், என் பழைய வாடிக்கை. மகள் சிங்கப்பூரில் முழுகாமல் இருந்தாள். பிரசவத்துக்கு இங்கே வர டாக்டர் விடவில்லை. அதனால் வளைகாப்பை அங்கேயே போய்ப் போடுவதென்று நாள் குறித்து, பெண் வீட்டுக் கூட்டமாகக் கிளம்ப இருந்தார்கள். அத்தனை டிக்கெட்டும் எனக்கு வந்திருந்தால் சித்திரையைப் பற்றிய கவலையே இருந்திருக்காது. வரவில்லை. எல்லாமே சாலைக்கு அந்தப் பக்கம் போயின. அண்ணன் என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டு, என் மாடிப்படிக்கு எதிர்ப் பக்கமாகவே நடந்து போனார்.

பிரபு எல்லா டிக்கெட்டையும் ஒரே வடநாட்டுக்காரரின் மைல்ஸில் போட்டிருந்தான். கம்பெனியிலிருந்து போன் வந்து, அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டால் மாமா என்று சொல்லிவிடுங்கள் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக் கொடுத்திருந்தான். கிளம்ப நாலைந்து நாள் இருக்கும்போது போன் வந்தது. பேசிய பெண் தமிழ்ப் பெண், திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. முதலில் பாண்டி அண்ணனிடம் கேட்டாள், மாமா என்றார். அவர் மனைவி செல்வியிடம் கேட்டாள், மாமா என்றார். அண்ணனின் அப்பாவிடமும் கேட்டாள், அவரும் சொன்ன சொல் தவறாமல் மாமா என்றார்.

செல்விக்கு மாமா என்றால் பாண்டி அண்ணனுக்கு அப்பா முறையோ சித்தப்பா முறையோ ஆக வேண்டும். பெரியவருக்கு மாமா என்றால் அண்ணனுக்குத் தாத்தா ஆக வேண்டும். முறை தெரியாத ஊர்க்காரியாக இருந்திருந்தால் அங்கிள் என்று எழுதிக்கொண்டு போயிருப்பாள். அவள் திரும்ப அண்ணனுக்கே போன் போட்டு, கோபமே இல்லாமல் கேட்டிருக்கிறாள்: “சார், ஒரே ஆளு உங்களுக்கும் மாமா, உங்க வீட்டம்மாவுக்கும் மாமா, உங்க அப்பாவுக்கும் மாமாவா? நம்ம பக்கம் அப்படி ஒரு முறை கிடையாதே சார்.”

வளையல் முதலில்

சாயங்காலத்துக்குள் எல்லா டிக்கெட்டும் ரத்து. பிரபு கடையை இழுத்துச் சாத்திவிட்டு போனை அணைத்துவிட்டான். மைல்ஸ் விற்றவருக்கு மைல்ஸ் போனது, பிரபுவுக்கு ஒரு வாடிக்கை போனது, வளைகாப்பு போவதோ சொல்லிக் கொடுத்ததைச் சொன்னதைத் தவிர ஒன்றும் அறியாத செல்விக்கு. இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காதது அதுதான்.

அண்ணன் என் கடைக்குப் படியேறி வந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கப் போவதில்லை. வாங்கண்ணே, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா என்று கேட்க நாக்கு துடித்தது. அவருக்குப் பின்னால் செல்வி நின்றிருந்தார். விளக்குத்தூண் பக்கம் வாங்கிய கண்ணாடி வளையல் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். அதைப் பார்த்ததும் என் நாக்கு அடங்கிவிட்டது. உட்காருங்க மதினி என்றேன்.

பிறகு நானும் நஸீமாவும் போனை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். மதுரையிலிருந்து நேராகப் போகிற விமானத்தில் இருந்தது ஒரே ஒரு சீட். அதை வளையல் பெட்டியோடு செல்விக்குப் போட்டேன். பெரியவரையும் பெண்களையும் திருச்சி வழியாக அனுப்பினேன். மற்றவர்களைச் சென்னை வழியாக. பழக்கமானவர்களையெல்லாம் கெஞ்சியதில், கடைசியாகக் கொழும்பு சுற்றிப் போகிற ஒரு சீட் பாண்டி அண்ணனுக்குக் கிடைத்தது. பாதி விலை இல்லை, முழு விலைதான். எல்லோரும் குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். மகள் கை நிறைய வளையல் போட்டு நிற்கிற படம் என் போனுக்கு வந்தபோது, நஸீமா அதைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். ஊர் திரும்பியதும் அண்ணன் ஒரு டப்பா சிங்கப்பூர் பிஸ்கட்டோடு வந்து சொன்னார்: “சீட்டு கக்கூஸ் பக்கத்துலதான் தங்கச்சி. ஆனா போற வழியெல்லாம் ஒருத்தனும் உன் மாமா யாருன்னு கேக்கல, நிம்மதியாத் தூங்கிட்டுப் போனேன்.”

கூடப்பிறந்தது

விளாங்குடி முழுக்க அண்ணனே என் விளம்பரப் பலகை ஆகிவிட்டார். சித்திரை வந்தது, நான் காலி செய்யவில்லை. போர்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தோம், நஸீமா அவளுக்குப் பிடித்த பச்சையில். பிரபு கொஞ்ச நாள் கழித்துக் கடையைத் திறந்தான். பேனர் மட்டும் அப்படியே தொங்கியது. ஊர் பெரிது, பாண்டி அண்ணனைத் தெரியாதவர்களும் நிறைய இருந்தார்கள்.

ஒரு மத்தியானம் அந்தப் பிரபுவே என் மாடிப்படியில் ஏறி வந்தான். நஸீமா எழுந்தே நின்றுவிட்டாள். அவன் தங்கை கைக்குழந்தையோடு துபாயில் இருக்கிற புருஷனிடம் போகிறாளாம், அதுவும் தனியாக, முதல் தடவை. நல்ல டிக்கெட்டாக ஒன்று வேண்டும் என்றான். நல்ல டிக்கெட் என்றால் எது என்று கேட்டேன். காசு கொடுத்து எடுக்கிற டிக்கெட் என்றான். தொட்டில் வைக்கிற சீட் கேட்டான், கையில் பிள்ளை இருப்பதால் நடுவில் இறங்கி ஏறாமல் நேராகப் போகிற விமானமே வேண்டும் என்றான். எல்லாம் போட்டுக் கொடுத்தேன். சர்வீஸ் சார்ஜிலும் ஒரு பைசா குறைக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

டிக்கெட்டைக் கையில் கொடுக்கும்போது மட்டும் என்னால் அடக்க முடியவில்லை. ஜன்னல் வழியாக அவன் பேனரைக் காட்டி, அங்கே பாதி விலைக்குக் கிடைக்கிறதாமே தம்பி என்றேன். அவன் என்னையும் பார்க்கவில்லை, பேனரையும் பார்க்கவில்லை. டிக்கெட்டில் தங்கை பேர் சரியாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அது ஊர்க்காரங்களுக்கு விக்கிறது அக்கா. இது என் கூடப்பிறந்தது.”

இத்தனை வருஷத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு, எதிர்க்கடைக்காரன் முழு விலை கொடுத்து என்னிடம் வாங்கிப் போன அந்த ஒரு டிக்கெட்தான் என்றாலும், அதில் நின்ற கமிஷன் எனக்கும் நஸீமாவுக்கும் ஆளுக்கொரு டீக்கும் வடைக்கும்தான் சரியாக இருந்தது.