டயாலிசிஸ் போதும் என்று அப்பா சொன்ன பிறகு

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் அப்பாவின் நல்ல குணங்களைப் படிக்க விரும்புவீர்கள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். கடைசி மாதத்தில் நடந்ததைச் சொல்லாமல் வேறெதையும் என்னால் எழுத முடியவில்லை.

அப்பா பிறந்தது சுந்தரபாண்டியபுரத்தில். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்து, லாரியில் கிளீனராகப் போய், பிறகு அரசுப் பேருந்தில் ஓட்டுநர் ஆனார்கள். தென்காசி–குற்றாலம் தடத்தில்தான் அதிக காலம். சீசன் நேரத்தில் அருவியில் குளித்து ஈரம் சொட்ட நிற்பவர்களைக் கண்டால் நடத்துநர் முகம் சுளிப்பாராம். அப்பா வண்டியை நிறுத்தி, "ஏத்துங்க அண்ணாச்சி, சீட் காஞ்சிரும். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தா லேசுல போவாது" என்பார்களாம்.

அம்மா இறந்த சில வருடங்களில் அப்பாவின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. வாரம் மூன்று நாள் திருநெல்வேலியில் டயாலிசிஸ். சிவகிரியில் காவல்துறையில் இருக்கும் அண்ணன், டியூட்டியை மாற்றிக்கொண்டு இரண்டு வருடம் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். நான் பெங்களூரிலிருந்து போனில் விசாரித்தேன். உடம்பெல்லாம் அரிப்பு, கால்களைச் சுருட்டி இழுக்கும் வலி, நாளுக்கு மூன்று டம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது. ஒரு நாள் காலை அப்பா கட்டிலைவிட்டு எழவில்லை.

"போதும்ல. இனி நான் வரல."

"என்னப்பா பேசுதிய? நிறுத்துனா என்ன ஆவும்னு தெரியுமா?" என்றார் அண்ணன்.

"தெரியும். டாக்டர்ட்ட கேட்டுட்டேன்."

அன்றைக்கு எப்படியோ கெஞ்சிக் கூட்டிப்போனார். தகவல் கேட்டு ஓடிவந்த நான், டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். "அம்மா போனதிலிருந்தே அப்பாவுக்கு மனசு சரியில்லை. அவங்க சொல்றதை எடுத்துக்காதீங்க" என்றேன். அது பொய். அப்பாவின் புத்தி என்னுடையதைவிடத் தெளிவாக இருந்தது. அது எனக்குத் தெரியும்.

டாக்டர் என் பேச்சைத் தள்ளவுமில்லை, அப்படியே ஏற்கவுமில்லை. சிகிச்சையில் எது சரி என்று குடும்பமும் மருத்துவரும் முடிவு செய்ய முடியாமல் நிற்கும்போது கூடிப் பேசவென்றே அந்த மருத்துவமனையில் ஒரு குழு உண்டு. அதைக் கூட்டினார். டாக்டர்கள், ஒரு மூத்த செவிலியர், வெளியாளாக ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை. அதற்கு முன்பே மனநல மருத்துவர் ஒருவர் அப்பாவோடு இரண்டு நாள் பேசியிருந்தார்.

கூட்டத்தில் அப்பாவை உட்கார வைத்துவிட்டு அண்ணனும் நானுமே பேசிக்கொண்டிருந்தோம். எங்களை நிறுத்திவிட்டு அந்தத் தலைமையாசிரியை அப்பாவைப் பார்த்து, "அண்ணாச்சி, பிள்ளைகள் பேசுனது போதும். உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். இரண்டு வருடத்தில் நாங்கள் யாருமே கேட்காத கேள்வி.

"ஒரு நா இங்க வாரேன், மறுநா சுருண்டு கெடக்கேன். அதுக்குள்ள அடுத்த தடவ வந்துருது. எனக்குச் சாவ ஆசையில்ல டீச்சர். மிச்சத்துக்கு வீட்ல இருக்கணும், அவ்வளவுதான்."

அப்பாவுக்கு மனநோய் இல்லை, தெளிவாகவே பேசுகிறார் என்றார் மனநல மருத்துவர். குடும்பத்தில் சந்தேகம் எழுந்ததால்தான் பார்க்க நேர்ந்தது என்றும் சொன்னார். அப்பா என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏட்டி, நீயா சொன்ன?"

ஆமென்று தலையசைத்தேன்.

"என்னய விட மனசில்லன்னா அத அப்படியே சொல்லியிருக்கலாம்லா."

குழு யாரையும் வற்புறுத்தவில்லை. டயாலிசிஸை விடாமல், அரிப்புக்கும் வலிக்கும் மருந்தை மாற்றி இரண்டு வாரம் பார்ப்போம், பிறகு அப்பாவிடமே திரும்பக் கேட்போம் என்றார்கள். அப்பா அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்கள். அரிப்பு குறைந்தது. நான் நம்பிக்கை வைத்தேன். இரண்டு வாரம் கழித்தும் அதே பதில். அண்ணன் வெளியே போய்க் காரைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, "சரிப்பா. வீட்டுக்குப் போவோம்" என்றார்.

வீட்டில் ஒன்பது நாள். ஒரு நாள் சாரலில் குற்றாலத்துக்கு ஓட்டிப்போனோம். கண்ணாடியை இறக்கிவிட்டு, முகத்தில் துளி படப் படச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் நாள் மதியம் மூச்சு அடங்கியது.

அந்த இரண்டு வாரம் அப்பாவுக்காகவா, எங்களுக்காகவா? இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருந்தால் இருந்திருப்பார்களா? அலுவலகத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே போய்விடுகிறேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அப்பாவின் பேச்சுக்குக் காது கொடுத்த டாக்டருக்கும், குழுவினருக்கும், தினமும் வீட்டுக்கே வந்து மருந்து கொடுத்த செவிலியருக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்கள் நன்றி. உறவினர்களிடம் ஒரு வேண்டுதல். "போலீஸ்காரன், அப்பனைத் தூக்கிக் கார்ல போட முடியலையால?" என்று உங்களில் சிலர் அண்ணனிடம் கேட்டீர்கள். அவர் எழுந்து போய்விடுகிறார். இனி அவரிடம் கேட்காதீர்கள். என்னிடம் கேளுங்கள். பொய் சொன்னவள் நான். பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

— மகள்