தராசு தூக்கிய பை

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக மேஸ்திரியாக இருக்கிறவருக்கு, கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் தராசு. ஒரு பெட்டியைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் போதும். எத்தனை கிலோ, உள்ளே புத்தகமா பாத்திரமா, ஒழுங்காக அடுக்கியதா அவசரத்தில் திணித்ததா என்று சொல்லிவிடுவார். முதலில் பந்தயம் கட்டிப் பார்த்தார்கள். தோற்று அலுத்துப்போய், பெயரை வைத்துவிட்டு அடங்கிவிட்டார்கள்.

ஊரில் உள்ள வீட்டையெல்லாம் மாற்றியவர் தன் வீட்டை மட்டும் மாற்றியதில்லை. கல்யாணம் ஆன வாரம் குடிவந்த அதே மாடி வீடு, அதே இரண்டு அறை. குளியலறைக் கதவு மழைக்காலத்தில் மூடாது, மூடினால் திறக்காது. மனைவி எப்போது பேச்செடுத்தாலும், "வீடு மாத்தறது ஊருக்கு, நமக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டை மாற்றக் கிளம்பிவிடுவார். சாமான் எல்லாம் இறங்கிய பிறகு, வெறும் சுவரில் அலமாரி நின்ற இடம் மட்டும் வெளுப்பாகத் தெரியுமே, அதை ஆயிரம் வீட்டில் பார்த்திருக்கிறார். தன் வீட்டில் பார்க்க அவருக்குத் தைரியம் கிடையாது. இதை யாரிடமும் சொன்னதுமில்லை.

மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பதினான்கு வருஷமாகத் தற்காலிக வேலை. ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் நிரந்தரம் என்பார்கள். அவளும் தலையாட்டிவிட்டு வருவாள். வீட்டிலும் தராசு அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பாதி கேலி, பாதி மரியாதை. எது எந்தப் பாதி என்று அவரே யோசித்ததில்லை.

இந்த லீவில் ஒரு கேம்பர் வேன் எடுத்துக்கொண்டு கடலோரச் சாலையில் ஐந்து நாள் போகலாம் என்று சொன்னது டீச்சர்தான். வண்டிக்குள்ளேயே படுக்கை, சின்னதாக ஒரு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். நினைத்த இடத்தில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிடலாம். எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்பதுவரை தாளில் எழுதிவைத்திருந்தாள். பதினோரு வயது மகள் குட்டி குதித்தாள். லாரி ஓட்டிப் பழகிய தராசுக்கு, சரக்கு இல்லாமல் ஒரு வண்டியை எதற்கு ஓட்ட வேண்டும் என்பதுதான் புரியவில்லை. ஆனாலும் சரி என்றார்.

கிளம்பும் அன்று காலை சாமான் ஏற்றும் வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கனமானது கீழே, அடிக்கடி வேண்டியது கைக்கு எட்டும் இடத்தில். மூன்று தட்டையும் நான்கு டம்ளரையும் பச்சைப்பிள்ளையைச் சுற்றுகிற மாதிரி துணியில் சுற்றிச் சுற்றி வைத்தார். கடைசியாக டீச்சரின் நீலப் பையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

ஐந்து நாள் துணி என்றால் நாலு கிலோ. இது ஆறு. பையின் ஒரு பக்கம் மட்டும் தொய்யாமல் விறைப்பாக இருந்தது. உள்ளே ஃபைல். இரண்டு கிலோ தேறுகிற ஃபைல் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. டீச்சர் படித்த காலத்திலிருந்து வாங்கிய சர்டிபிகேட் அத்தனையும் உறை உறையாகப் போட்டுக் கோத்துவைத்த தடித்த ஃபைல்.

கடலைப் பார்க்கப் போகிறவளுக்கு சர்டிபிகேட் எதற்கு? வேறு யாராக இருந்தாலும் வாய்விட்டுக் கேட்டிருப்பார்கள், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். தராசு கேட்கவில்லை. ஏனென்றால் அவர் தொழிலில் இதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு குடும்பத்தின் காகிதமெல்லாம் எப்போதும் ஓரிடத்தில் சேர்ந்தே இருக்கும். கம்பெனி ஆட்கள் பெட்டி கட்ட வருவதற்கு முன்பே ஒருவருடைய காகிதம் மட்டும் தனியாக ஒரு பைக்குள் போயிருந்தால், அந்த வீட்டுச் சாமான் ஒரு வீட்டுக்குப் போகவில்லை, இரண்டு வீட்டுக்குப் போகிறது. புருஷனும் பெண்டாட்டியும் பிரியப் போகிறார்கள் என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்பே பெட்டி கட்டுகிறவனுக்குத் தெரிந்துவிடும். நாற்பது வீட்டிலாவது பார்த்திருக்கிறார். ஒரு தடவைகூடக் கணக்கு தப்பியதில்லை.

"என்னப்பா, அம்மா பை ரொம்ப கனமா?" என்றாள் குட்டி.

"இல்லம்மா. சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிப் பையை உள்ளே வைத்தார்.

ஆக, டீச்சர் தன்னை விட்டுப் போகப் போகிறாள். ஐந்து நாள் கூட்டிப்போய், கடலைக் காட்டி, சண்டை சச்சரவு இல்லாமல் சொல்லிவிட்டுப் போகப் போகிறாள். அதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடும். ஊரைத் தாண்டுவதற்குள் தராசு இந்த முடிவுக்கு வந்துவிட்டார். இன்னொரு முடிவுக்கும் வந்தார்: இந்த ஐந்து நாளில் எப்படியாவது அவள் மனசை மாற்றிவிட வேண்டும். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

கடலோரச் சாலை நன்றாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் கிடுகிடு பள்ளம், கீழே கடல். ஒவ்வொரு வளைவிலும் ஒரு சின்னக் கடற்கரை எட்டிப் பார்த்தது. "இங்க கொஞ்சம் நிறுத்தலாமா?" என்று டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் வண்டி ஓரங்கட்டியிருந்தது. அவசரத்துக்கு நிறுத்தச் சொன்னாலே வாட்சைப் பார்க்கிற மனுஷன் அவர். இப்போது தானாக இறங்கி மடக்கு நாற்காலியைப் பிரித்துப் போட்டார். டீ போட்டார். முட்டையைக் கருக்கி, "நீ உக்காரு, நீ உக்காரு" என்று பரிமாறினார். சாப்பிட்ட தட்டைக் கழுவினார். கழுவிய தட்டை மறுபடியும் துணியில் சுற்றினார்.

"காத்து ஜாஸ்தியா இருக்கு, இல்ல?" என்றாள் டீச்சர்.

"ஆமா, ரொம்ப ஜாஸ்தி."

"நேத்தைக்கு இது கம்மிதான்பா" என்றாள் குட்டி.

"ஆமா, கம்மிதான்."

குட்டி அம்மாவைப் பார்த்தாள். அம்மா குட்டியைப் பார்த்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் டீச்சர் அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "உண்மையைச் சொல்லுங்க. உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? டாக்டர் ஏதாவது சொல்லி எங்ககிட்ட மறைக்கிறீங்களா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். நெற்றியில் இருந்த கையை எடுத்துவிடுவாளே என்று இருந்தது. எடுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. குன்றின் மேல் ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் மூன்று பேரும் வேனுக்குள் அடைந்து கிடந்தார்கள். எட்டடி நீளம். ஒருவர் எழுந்தால் இன்னொருவர் காலை மடக்க வேண்டும். வீட்டில் மனஸ்தாபம் என்றால் போய் நின்றுகொள்ள மாடிப்படியாவது உண்டு. இங்கே அதற்கும் வழியில்லை. குட்டி சீட்டுக் கட்டை எடுத்துப் பரப்பினாள். கையில் சீட்டை வைத்துக்கொண்டு, தான் செய்த குற்றங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார் தராசு.

எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தன. அதில் ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. டீச்சருக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த அன்று, 'இரண்டு மணி நேரத்துல வந்துடறேன்' என்று சொல்லிவிட்டு ஒரு வீட்டுச் சாமானைக் கட்டி ஏற்றப் போனார். அந்த வீட்டில் பழைய சுவர்க்கடிகாரம் ஒன்று இருந்தது. அதன் ஊசல் ஆடாமல் கழற்றி, பஞ்சு வைத்து, தானே மடியில் வைத்துக்கொண்டு லாரியில் போய் இறக்கிவிட்டு வந்தபோது ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. டீச்சர் மயக்கம் தெளிந்து, பக்கத்துக் கட்டில்காரம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் விட்டது பெருந்தன்மை என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். எவனோ ஒருவன் வீட்டுக் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேனே என்று இப்போது அவமானமாக இருந்தது. அழுகைகூட வந்தது. இருமிச் சமாளித்தார்.

"அப்பா, உங்க ஆட்டம்" என்றாள் குட்டி.

நாலாம் நாள் காலை வேன் ஒரு சின்னத் துறைமுக ஊருக்குள் இறங்கியது. படகுகள், வலை காயப்போட்ட சுவர்கள், மேட்டில் ஏறுகிற ஒரே தெரு. டீச்சர் சொன்ன இடத்தில் வண்டியை நிறுத்தினார். அவள் உள்ளே போய், இஸ்திரி போட்ட உடுப்பு உடுத்தி, தலைவாரி, நீலப் பையோடு இறங்கினாள்.

"ஒரு சின்ன வேலை இருக்குங்க. ஒரு மணி நேரத்துல வந்துடறேன். நீங்களும் குட்டியும் படகு பாருங்க."

இதுதான் அந்த நேரம் என்று தராசுக்குத் தெரிந்துவிட்டது. குட்டியைப் படகு எண்ணச் சொல்லி அனுப்பிவிட்டு, பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நானே கொண்டுவந்து விடறேன். உன் சர்டிபிகேட் ஃபைல் கனம்."

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. "பையைத் திறந்தீங்களா?"

"திறப்பேனா? தூக்கினேன்."

"எப்போ?"

"கிளம்பின அன்னிக்கே." பிறகு நான்கு நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டார். "எந்த வக்கீல்?"

"வக்கீலா?"

"அதான், தனியாப் போறதுன்னு முடிவு பண்ணிட்டியே. நான் ஒண்ணும் சொல்லல டீச்சர். ஆபரேஷன் அன்னிக்கு நான் பண்ணது தப்பு. அதுக்கு அப்புறம் பண்ணதெல்லாம்கூட தப்புதான். குட்டிகிட்ட மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம்."

அவள் அவரையே பார்த்தாள். முதலில் உதடு துடித்தது. பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வேனைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அதுக்குத்தான் நாலு நாளா முட்டையைக் கருக்கிக் கருக்கிப் போட்டீங்களா?"

மேட்டுத் தெரு முடிவில் ஒரு பள்ளிக்கூடம். கணக்கு டீச்சர் வேண்டும், நிரந்தர வேலை, குடியிருக்க மாடியோடு ஒரு வீடும் தருகிறார்கள். எழுதிப் போட்டிருந்தாள், நேரில் வரச் சொல்லியிருந்தார்கள், பத்து மணிக்கு. விஷயம் அவ்வளவுதான்.

தராசு அப்படியே வேனின் படியில் உட்கார்ந்துகொண்டார். நாற்பது வீட்டில் தப்பாத கணக்கு சொந்த வீட்டில் தப்பியதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். "அடச்சே, நான் என்னென்னமோ நினைச்சேன். எல்லாம் தப்பு" என்றார். "இதை ஏன் சொல்லல?"

டீச்சர் சிரிப்பை நிறுத்தினாள். அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எல்லாம் தப்பு இல்லைங்க. சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிடுவீங்க. அதனால ஊரைக் காட்டிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். அப்பவும் நீங்க வரலன்னா, நானும் குட்டியும் வந்துடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். பதினாலு வருஷம் ஆச்சு. இதையும் விட்டா எனக்கு வேற கிடைக்காது." குரல் உயரவில்லை. வகுப்பில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறவள் மாதிரிதான் சொன்னாள். பையை வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

அவர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. பயம்தான் வந்தது. வக்கீல் என்று நினைத்தபோது வந்த பயத்தைவிட இது பெரிது. அது அவள் கையில் இருந்த முடிவு. இது அவர் கையில்.

பதினொன்றரை மணிக்கு டீச்சர் திரும்பி வந்தாள். வேலை கிடைத்துவிட்டது. கையில் ஒரு சாவி. "சும்மா பாத்துட்டு வரச் சொன்னாங்க" என்று பொதுவாகச் சொன்னாள். வருகிறீர்களா என்று அவரைக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று இருந்தாளோ, கேட்கப் பயந்தாளோ. மூன்று பேரும் ஏறிப் போனார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது வீடு. கீழே ஒரு அறையும் சமையலறையும், மேலே ஒரு அறை. காலி வீடு. யாரோ இருந்துவிட்டுப் போன சுவரில் வெளுப்பாக ஒரு நீளச்சதுரம். குட்டி ஜன்னலைத் திறந்து, "அப்பா, இங்கிருந்தே கடல் தெரியுது!" என்று கத்தினாள். டீச்சர் குழாயைத் திறந்து மூடினாள், சமையலறைக் கதவைத் திறந்து மூடினாள். அவர் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

சத்தமே இல்லையே என்று கடைசியில் திரும்பிப் பார்த்தாள். தராசு மாடிப்படியின் திருப்பத்தில் குனிந்து நின்று, சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே கையை விரித்து வைத்துச் சாண் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"பீரோ இந்தத் திருப்பத்துல ஏறுமான்னு பாக்கறேன். கதவைக் கழட்டினா ஏறும்னு தோணுது." கை சுவரிலேயே இருந்தது. "நீ பேசினதுல எத்தனைன்னு விட்டுட்டேன், பாரு."

டீச்சர் காலிச் சமையலறையின் தரையில் அப்படியே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் முதல் சாணிலிருந்து மறுபடியும் அளந்தார்.