வெல்கா வரையாமல் விட்ட பூ

வெல்காவை எங்கள் ஆகென்ஸ்கல்ன்ஸ் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். மழை வந்தால் குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் காகிதத்துக்குப் பிடிப்பவள். நீர்வண்ணம் மட்டும்தான் வரைவாள். எண்ணெய் வண்ணத்தைக் கஞ்சி என்பாள். அவள் புருஷன் குன்வால்டிஸ் ரீகா நகரத்தில் டிராம் ஓட்டியவன். நாலு பக்கமும் சுவர் சூழ்ந்த எங்கள் முற்றத்தில், குப்பைத்தொட்டிக்கும் சைக்கிள் கொட்டகைக்கும் நடுவே ஒரு தோட்டம் போட்டான். அவன் ஓர் அதட்டல் போட்டால் லைலாக் ஒரு வாரம் முன்னதாகவே பூத்துவிடும். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

போன இலையுதிர்காலத்தில் பக்கவாதம் அவனைப் படுக்கையில் தள்ளியது. வீடு ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது, ஜன்னலோ தெருப்பக்கம். பிறகு குளிர் வந்தது. டௌகாவா ஆற்று மீன்கள் கரையேறி எங்கள் படிக்கட்டில் ஒதுங்கின என்றால் நம்ப மாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். ஆனால் அந்தக் குளிருக்குப் பிறகு, அவன் தன் அம்மாவின் பண்ணையிலிருந்து கிழங்கு கொண்டுவந்து நட்ட வெள்ளைப் பியோனிப் பூச்செடி முளைக்கவே இல்லை. வெல்கா அதை அவனிடம் சொல்லவில்லை.

கோடை தொடங்கியபோது அவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். ஸ்பூனைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வான். "உள்ள ஏதாவது போனாத்தான் மருந்து வேலை செய்யும். இப்படியே போனா ஆள் தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

"தோட்டமே செத்துப்போச்சு, எனக்கு எதுக்குச் சாப்பாடு?" என்றான் குன்வால்டிஸ்.

"பூத்துக் குலுங்குது கிழவா!"

"வெள்ளை?"

"அதுவும்தான்."

"புளுகாத. வரைஞ்சு காட்டு. போட்டோ வேண்டாம், போன்ல எவ வீட்டுப் பூவை வேணாலும் காட்டுவ."

வெல்கா பலகையும் தூரிகையுமாக இறங்கி வந்தாள். என் வீடு தரைத்தளம். ஜன்னல் வழியே காபி நீட்டுவது என் வேலை. அவள் அழுதுகொண்டேதான் வரைந்தாள். உப்பு பட்டால் ஈர வண்ணம் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பிரியும். அவள் கண்ணீருக்கு லுப்பின் பூக்களில் ஒரு வானமே முளைத்தது.

கடைசியில், பியோனி இருந்த அந்தக் காலி இடம் வந்தது.

"நான் படத்துல பொய் சொன்னதில்ல, மில்டா."

"பொய் எங்கடி இருக்கு? அந்த இடத்துல நீ ஒண்ணுமே வரையப் போறதில்லையே!" என்றேன்.

உண்மைதானே. நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பூசுவதில்லை, காகிதத்தைத் தொடாமல் விடுவார்கள். வெல்கா சுற்றிலும் கரும்பச்சையை இழுத்தாள். நடுவில் தொடாமல் விட்ட காகிதம் பியோனியாக மலர்ந்தது. நானே ஒரு நிமிடம் மோந்து பார்க்கக் குனிந்தேன்.

லீகோ நாள், எங்கள் நடுக்கோடைத் திருவிழா. கதவுகளிலெல்லாம் ஓக் இலை மாலை, முற்றத்தில் பீர் பீப்பாய். படத்தோடு அவள் மேலே ஏறினாள். சூப்பும் சீரகம் போட்ட பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

குன்வால்டிஸ் படத்தை மூக்குவரை இழுத்துப் பார்த்தான். "லைலாக், சரி. பாப்பி, சரி." கண் வெள்ளையில் நின்றது. "சிவப்பு எங்க?"

அந்தப் பியோனியின் நடு இதழ்களில், விரலைக் குத்திக்கொண்டு துடைத்தது போல, சிவப்புத் தீற்றல் இருக்கும். காகிதத்தைத் தொடாமலிருக்கும் கவனத்தில் வெல்கா அதை மறந்துவிட்டாள்.

"செத்துப்போச்சா?"

"குளிர்ல..."

"எத்தனை மாசமா என்கிட்ட மறைச்ச?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். வெல்கா அப்படியே தரையில் சரிந்தாள். "இனி வாயைத் திறக்கவே மாட்டான். நானே சாகடிச்சுட்டேன், மில்டா." எனக்குத் தெரிந்த பொய்களில் ஒன்றுகூட அப்போது உதவிக்கு வரவில்லை.

சுவர்ப்பக்கமிருந்து அவன் குரல் வந்தது. "குளிருக்கு முன்னாடி வேர்மேல தழை போட்டு மூடினியா?"

"இல்ல. உன்கூட ஆஸ்பத்திரில இருந்தேன். அந்தச் செடி எனக்கு ஞாபகமே வரல."

"தோண்டிப் பாத்தியா?"

"பயமா இருந்துது."

"போய்த் தோண்டு."

லீகோ பாட்டுக்கு நடுவே, ஊரே பார்க்க, அவள் வெறுங்கையால் தோண்டினாள். கிழங்கு கறுத்துக் கூழாகியிருந்தது. அதை அப்படியே கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "அழுகிப்போச்சு. இதுதான் மிச்சம்."

அவன் அதை முகர்ந்தான். படுக்கையில் விழுந்ததிலிருந்து அழாதவன் அன்று அழுதான். போர்வையெல்லாம் மண். வெல்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு ஸ்பூன் சூப்பை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டான். விழுங்கினான்.

"ஆறிப்போச்சு" என்றான்.

மண் கையைக்கூடக் கழுவாமல், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள் வெல்கா.