தண்ணீருக்கு நான் வைத்த பெயர்

பெற்ற மகளைத் தாகத்தில் நிறுத்தினேன். ஒரு பழியைத் தீர்த்துக்கொள்வதற்காக, ஏறக்குறைய நாற்பது நாட்கள், அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தண்ணீர் டம்ளரை என் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவள் எதிரே நின்றேன்.

பைத்தியமா இவள் என்று கேட்பீர்கள். இல்லை... முழுப் புத்தியோடுதான் செய்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவருக்கும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி உண்டு. அவளும் நான் சொல்லித் தெரிந்துகொண்டவள் அல்ல.

என் மகள் பெயர் அபிநயா. வீட்டில் அபி. ஆட்டிசம் என்று திருச்சியில் ஒரு டாக்டர் சொன்னபோது அவளுக்கு மூன்று வயது. உங்கள் பிள்ளை 'அம்மா' என்று சொல்ல எத்தனை மாதம் காத்திருந்தீர்கள்? நான் ஆறு வருடம் காத்திருந்தேன். அதனால், மேற்கொண்டு படிக்கும்போது முகம் சுளிப்பதாக இருந்தால் கொஞ்சம் பொறுத்துச் சுளியுங்கள்!

அபி சொந்தமாகப் பேசமாட்டாள். ஆனால் கேட்டதை, கேட்ட தொனியிலேயே திருப்பிச் சொல்வாள். விராலிமலையில் எங்கள் தெருவுக்கு வரும் மயில் அகவினால் அப்படியே அகவுவாள். பஸ் கண்டக்டரின் விசிலைக்கூட விடமாட்டாள். "தண்ணி வேணுமா?" என்று நான் கேட்டுக் கேட்டு, தாகம் எடுத்தால் அவளும் "தண்ணி வேணுமா?" என்று என்னிடம் வந்து நிற்பாள். நான்தான் கேட்கிறேன் என்பதும், அவள்தான் குடிக்க வேண்டும் என்பதும் அந்தச் சொல்லுக்குள் ஒன்றாகக் கிடந்தன.

வாரம் இரண்டு நாள் அவளைப் பழக்க வந்தவள் ஜெயராணி. மணமேல்குடிப் பக்கத்துப் பெண், சிறப்புப் பயிற்றுநர். முதல் நாளே சொன்னாள்.

"நீங்க கேக்குற மாதிரி கேக்காதீங்கக்கா. அவளா நின்னு, அவ சொல்ல வேண்டியத நீங்க சொல்லுங்க. சொன்னவொடனே தண்ணியக் குடுத்துருங்க. சொன்னா கெடைக்கும்னு அவளுக்குப் புரியணும்."

'வேணுமா'வில் இருந்த அந்த ஒற்றை 'ஆ'வை எடுக்க ஒரு வருடம் ஆயிற்று. ஓரெழுத்து! அது உதிர்ந்து, "தண்ணி வேணும்" என்று அபி முதன்முதலாகச் சொன்ன அன்று, ஜெயராணியும் நானும் சமையல்கட்டில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். எனக்குப் பின்னால், முன்பின் தெரியாத ஒரு வீட்டில், முன்பின் தெரியாத ஒருவரிடம் என் பிள்ளை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிடுவாள்... அன்றைக்கு அது போதுமென்று இருந்தது. எங்களைப் போன்ற பெற்றவர்களுக்குச் சாவு பயமில்லை, சாவுக்கு மறுநாள்தான் பயம்.

இனி, பழிக்கு வருகிறேன்.

அபிக்கு ஆறு வயதில் ஹைவே ஓரத்தில் இருந்த ஒரு தனியார் பள்ளியில் அட்மிஷன் கேட்டுப் போனேன். பள்ளியின் பெயர் வேண்டாம். தலைமை ஆசிரியையை ஊரே 'பெரிய மிஸ்' என்று சொல்லும், நானும் அப்படியே சொல்கிறேன். அபி அந்த அறையின் மின்விசிறியைப் பார்த்துக் கைகளை உதறிக்கொண்டிருந்தாள். பெரிய மிஸ் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, இழுத்து, இனிமையாகச் சொன்னார்.

"இதையெல்லாம் வீட்டோட வச்சுக்கங்க..."

என்ன மரியாதை பாருங்கள்! கடைசியில் ஒரு 'ங்க' போட்டுவிட்டால் செருப்பால்கூட அடிக்கலாம் போலிருக்கிறது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அந்த 'ங்க'வுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? "சரிங்க மிஸ்" என்று நானும் ஒரு 'ங்க' போட்டுவிட்டு வெளியே வந்தேன். அந்த 'சரி'யை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

என் கணவரிடம் போனில் சொல்லி அழுதேன். "விடு புள்ள, நம்ம பக்கம் புள்ளைகள அது இதுன்னுதான் சொல்லுவோம். நீயே 'அது தூங்குது'ன்னு சொல்றதில்லையா?" என்றார். சொல்வேன்தான். நான் சொல்லும் 'அது'வுக்குள் என் பிள்ளை சுருண்டு படுத்திருப்பாள். அந்த 'இதையெல்லாம்' என்ற சொல்லில் அவள் இல்லை, ஓட்டை உடைசல் சாமான்தான் இருந்தது. இந்த வித்தியாசம் மஸ்கட்டுக்கு எட்டவில்லை.

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை தோறும் மனு கொடுத்து, நடையாய் நடந்து, அதே பள்ளியில்தான் அபியைச் சேர்த்தேன். வேறு பள்ளி இல்லாமலா? வீம்பு! மூன்று வருடம் கடைசி பெஞ்சில், சன்னல் ஓரத்தில் அவளை உட்கார வைத்தார்கள். மூன்று வருடமும் நான் பெரிய மிஸ்ஸின் வாயிலிருந்து ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது... இவ்வளவுதான். வரவில்லை. நான் சமையல்கட்டில் தனியாக நின்று அவர் குரலில் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பேன். அந்த இழுப்பு, அந்தச் சிரிப்பு, அந்த 'ங்க'. வெங்காயம் நறுக்கும்போது சொல்வேன். துணி துவைக்கும்போது சொல்வேன். கடைசியில் அவரைவிட எனக்கு நன்றாக வந்தது.

மூன்றாம் வருடம் மாசியில் பெரிய மிஸ் என்னை அழைத்தார். ஆண்டு விழாவுக்குக் கல்வித் துறையிலிருந்து ஒரு அதிகாரி வருகிறாராம்.

"நம்ம ஸ்கூல்ல எல்லாப் புள்ளைகளும் ஒண்ணுதான்னு அவருக்குத் தெரியணும்ல? அபி மேடையில வந்து மைக்ல ஒரு வணக்கம் சொல்லட்டும். நீங்களே பழக்கிக் கூட்டியாந்துருங்க."

"கட்டாயம் பழக்குறேங்க மிஸ்" என்றேன். நானும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்று அன்றைக்கு நினைத்தேன்!

அபி எதற்கும் மசிய மாட்டாள். மிட்டாய், பலூன், செல்போன், எதுவும் செல்லாது. தண்ணீர் ஒன்றுதான் அவளுக்கு எல்லாம். வெயிலில் வந்து நிற்பவளுக்குப் பானைத் தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். ஜெயராணி அந்தத் தண்ணீரை வைத்துத்தான் பேச்சை வரவழைத்தாள். நானும் அந்தத் தண்ணீரையே கையில் எடுத்தேன்.

முதல் நாள் நடந்ததை மட்டும் சொல்கிறேன். நாற்பது நாளையும் சொல்ல என்னால் ஆகாது.

வந்தாள். புத்தகப் பையை இறக்கினாள். "தண்ணி வேணும்" என்றாள். தெளிவாக, பிசிறில்லாமல்.

நான் கொடுக்கவில்லை.

டம்ளரைப் பின்னால் மறைத்துக்கொண்டு, பெரிய மிஸ்ஸின் குரலில், பெரிய மிஸ்ஸின் சிரிப்போடு, அவள் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவள் மறுபடி "தண்ணி வேணும்" என்றாள். மறுபடியும் சொன்னேன். மூன்றாம் முறை அவள் குரல் கீழே இறங்கிவிட்டது. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்தாளோ என்னவோ... அந்தப் பழைய 'ஆ'வை எங்கிருந்தோ தேடி எடுத்து, "தண்ணி வேணுமா?" என்று சேர்த்துப் பார்த்தாள்.

அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டாமா? நிறுத்தவில்லை! 'இதையெல்லாம்' என்ற முதல் சொல் அவள் வாயிலிருந்து வந்த பிறகுதான் டம்ளரை நீட்டினேன். குடித்து முடித்து என்னைப் பார்த்தாள். அபி யார் கண்ணையும் நேராகப் பார்க்க மாட்டாள். அன்றைக்குப் பார்த்தாள்.

ஆண்டு விழா அன்று பட்டுப் பாவாடை கட்டி, பூ வைத்து மேடையில் நிறுத்தினார்கள். நான் முதல் வரிசைக்குப் பக்கவாட்டில் நின்றேன். பெரிய மிஸ் மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கி, "சொல்லு ஆத்தா, வணக்கம் சொல்லு" என்றார். அபி கூட்டத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் முந்தானைக்குள் இருந்து டம்ளரை வெளியே எடுத்தேன்.

"இதையெல்லாம் வீட்டோட வச்சுக்கங்க..."

ஒலிபெருக்கியில் பெரிய மிஸ்ஸே பேசுவதுபோல் இருந்தது. பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள். அவர்களுக்கு அந்தக் குரல் தெரியாதா? பிறகு பெற்றோர் பக்கம் ஒரு முணுமுணுப்பு. அதிகாரி திரும்பிப் பெரிய மிஸ்ஸைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் கண்ணாரக் கண்டேன். இனித்தது! பொய் சொல்ல மாட்டேன். அப்படி ஓர் இனிப்பை என் வாழ்நாளில் நான் ருசித்ததில்லை. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "புள்ள வாயில அந்த முருகனே வந்து கேட்டுட்டான்" என்றாள். நானும் சேர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஜெயராணி மட்டும் சிரிக்கவுமில்லை, கும்பிடவுமில்லை. மேடையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். மறுவாரம் வந்தபோது வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, டம்ளர் ஒங்க கையில இருந்துச்சு."

நான் உள்ளே வரச் சொல்லி வழிவிட்டேன்.

"ஒரு வருசங்க்கா... நம்ம ரெண்டு பேரும்" என்றாள். என்னைத் தாண்டி அபியிடம் போனாள்.

அவள் இன்றும் வருகிறாள். அபிக்காக வருகிறாள். என் வீட்டில் ஒரு வாய் காபிகூடக் குடிப்பதில்லை.

சித்திரையில் ஒரு மதியம் பெரிய மிஸ்ஸே என் வீட்டுக்கு வந்தார். பள்ளியை விட்டுவிட்டார். மகனோடு இருக்க ஓசூர் போகிறாராம். ஆள் பாதியாகியிருந்தார். அபி வெயிலிலிருந்து ஓடி வந்தாள். அவளுக்குத் தாகம். அவரையும் என்னையும் தாண்டிப் பானையைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொன்னாள். பெரிய மிஸ் அபியின் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஒரு தடவ சொன்னத இம்புட்டு நாளா மனசுல வச்சிருக்கியே ஆத்தா... தப்புத்தான் தாயி. என்னைய மன்னிச்சிரு."

மூன்று வருடம் நான் காத்திருந்த சொல்! வந்தேவிட்டது. பிள்ளை தண்ணீர்தான் கேட்கிறாள், உங்களை ஒன்றும் சொல்லவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷி கொஞ்சம் நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். சொல்லவில்லை. அழட்டும் என்று நின்றேன். இன்று அவர் மறுபடி வந்து அழுதாலும் சொல்வேனா? தெரியவில்லை... சொல்ல மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அவர்மீது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அபிக்கு இப்போது பதினொரு வயது. பள்ளிக்குப் போவதில்லை. தாகம் எடுக்கும்போதெல்லாம் வகுப்பில் அதைச் சொன்னாள், ஒவ்வொரு முறையும் வகுப்பே சிரித்தது, நானே நிறுத்திவிட்டேன். ஆமாம், வீட்டோடுதான் வைத்திருக்கிறேன்! பெரிய மிஸ் கேட்டது இதைத்தானே?

ஜெயராணி பழைய பாடத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். நானும் அபி முன்னால் உட்கார்ந்து "தண்ணி வேணும்" என்று சொல்லிக் காட்டுகிறேன். அவள் என் வாயையே பார்க்கிறாள். அந்தச் சொல்லை அவள் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் தண்ணீர் கிடைக்காது என்று கற்றுக்கொண்டிருக்கிறாள். கற்றுக்கொடுத்தது யார்?

நான் இல்லாத ஒரு நாளில், முன்பின் தெரியாத ஒரு வீட்டில், என் மகள் இந்த வாக்கியத்தோடு போய் நின்றால் யார் அவளுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள்? நீங்கள் கொடுப்பீர்களா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரிய மிஸ் பேசிய அன்று அபியின் கவனமெல்லாம் மின்விசிறியில் இருந்தது. அவர் சொன்னதை, நான் பழக்கும்வரை அவள் ஒரு முறைகூடத் திருப்பிச் சொன்னதில்லை. ஊரார் நினைப்பதுபோல அவள் வாயில் இருப்பது பெரிய மிஸ்ஸின் குரல் அல்ல, என் குரல். அவர் அந்தச் சொல்லை ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் என்னிடம். நான் நாற்பது நாள், என் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டே சொன்னேன்.

இதோ, பானைக்குப் பக்கத்தில் நின்று கூப்பிடுகிறாள். என் குரல் எனக்கே நன்றாகக் கேட்கிறது... எழுந்து போய்க் கொடுக்க வேண்டும்.