எந்த வருஷத்து வண்டி?

பல்செட்டு ஒரு குள்ளமான பெண்ணுக்கு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக் கொடுத்துவிட்டாராம். கட்டிய மனைவிக்கு விஷயமே தெரியாதாம். பழைய கார் விற்கிற இடத்தில், பட்டப்பகலில், கார்க் கதவைத் திறந்து அந்தப் பெண்ணை உட்கார வைத்துவிட்டு, இவர் தரையில் மண்டி போட்டு அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். டயர்க்கடைக்காரர் தன் இரண்டு கண்ணால் பார்த்தாராம். கடைக்குக் காற்றுப் பிடிக்க வந்தவர்களுக்கெல்லாம் காற்றோடு சேர்த்து இதையும் அடைத்து அனுப்பியதில், சாயங்காலத்துக்குள் ஊரே நேரில் பார்த்த மாதிரி பேச ஆரம்பித்துவிட்டது.

மண்டி போட்டது உண்மை. காலைப் பார்த்ததும் உண்மை. மற்றதை நடந்தபடி சொன்னால்தான் அந்த மனுஷனுக்கு நியாயம் செய்ததாக இருக்கும்.

பல்செட்டு என்பது தொழில் வைத்த பெயர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிறவர். பட்டறை ஒரே அறைதான். அலமாரி முழுக்க பிளாஸ்டர் தாடைகள் இளித்துக்கொண்டு நிற்கும். புதிதாக வருகிறவர்கள் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறதோ என்று சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். அவருடைய மூக்குக்கண்ணாடியில் எந்நேரமும் வெள்ளைப் பொடி. யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், பல்லைத்தான் பார்ப்பார். பெயர் ஞாபகம் இருக்காது. "யாரு, அந்த முன்பல்லு ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டு நிக்குமே, அவரா? தங்கமான மனுஷன்" என்பார்.

ஊரார் வாயெல்லாம் அவர் கையில். தன் வாயைத் திறப்பதுதான் அவருக்கு ஆகாத காரியம். கோபம் வந்தாலும் மௌனம், சந்தோஷம் வந்தாலும் மௌனம். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவர் மனைவிக்கே கல்யாணமாகிப் பல வருஷம் பிடித்தது.

இப்படிப்பட்டவருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேறு பிறவி. மொத்த வியாபார மார்க்கெட்டுக்கு அன்று லீவு. லாரிகள் நிற்கிற பெரிய சிமெண்டுத் தரை காலியாகக் கிடக்கும். அங்கே, சாலையில் போலீஸ்காரர்கள் வைக்கிற ஆரஞ்சு நிறக் கோன்களை வளைத்து வளைத்து அடுக்கி, அதற்கு நடுவே ஒரு நேரத்துக்கு ஒரு கார் என்று ஓட்டுவார்கள். எதிராளி கடிகாரம்தான். கோனைத் தட்டினால் தண்டனையாக இரண்டு விநாடி கூடும். ஆட்டோகிராஸ் என்று அதற்குப் பெயர். வெளியாள் பார்த்தால், சாவியைத் தொலைத்தவன் பதற்றத்தில் சுற்றுகிற மாதிரி இருக்கும். உள்ளே இருக்கிறவனுக்கு அதுதான் உலகம்.

பல்செட்டின் மனைவி ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். குள்ளம். பஸ்ஸில் முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையும் கீழே இன்னொரு மெத்தையும் வைத்துக்கொண்டு, இரண்டு கார் நடுவே கைக்குட்டையை மடிக்கிற மாதிரி பஸ்ஸை மடித்து நிறுத்திவிடுவார். முதலில் சும்மா கூட வந்தவர்தான், விழுந்த கோனை எடுத்து நிறுத்த. பிறகு ஒரு நாள், "நானும் ஒரு தடவை போய்ப் பாக்கட்டுமா?" என்றார். அன்றிலிருந்து அவர்களுடைய பழைய குட்டிக் காரில் இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டினார்கள். ஓட்டுவதற்கு முன் எல்லோரும் பாதையை நடந்து பார்க்க வேண்டும். இவர்கள் நடந்தால் மைதானத்துக்கே வேடிக்கை.

"இங்க பிரேக்கு" என்பார் இவர்.

"இங்கயா? நீங்க இங்க பிரேக் அடிச்சா பின்னாடி உக்காந்திருக்க பிள்ளைங்க எல்லாம் முன்னாடி வந்து விழும்."

"ஒத்தை ஆளு ஓட்டுற பந்தயத்துல ஏதும்மா பிள்ளைங்க?"

"பழக்கம்தானேங்க. பிள்ளைங்க இருக்குன்னு நினைச்சு ஓட்டினாத்தான் வண்டி ஆடாது."

ஆடவுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் புருஷனைவிடச் சுத்தமாக ஓட்டி, கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பரிசு கொடுத்த டயர்க்கடைக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "அக்கா இன்னிக்கு பல்செட்டைக் கழட்டி டம்ளர்ல போட்டுட்டாங்க!" என்று மைக்கில் சொன்னார். மைதானமே சிரித்தது. பல்செட்டும் சிரித்தார். வீடு வந்து சேர்ந்ததும் வாயை மூடினவர், ஒரு வாரம் உப்பு வேண்டும், துண்டு எங்கே என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு மனைவி, "எனக்கு முதுகு வலி. நீங்க போயிட்டு வாங்க" என்றார். அதற்கடுத்த ஞாயிறும் முதுகு வலி. அப்படியே வலித்துக்கொண்டு ஒரு வருஷம் ஓடிவிட்டது.

அந்த ஒரு வருஷமும் பல்செட்டு தனியாகப் போனார். ஒரு கோப்பைகூட வாங்கினார். பாதையை நடந்து பார்க்கும்போது, "இங்க பிரேக்கு" என்று பக்கத்தில் திரும்பிச் சொல்வார். பக்கத்தில் கோன்தான் நின்றுகொண்டிருக்கும். மன்னிப்பு கேட்டிருக்கலாம். வாயைத் திறக்க வேண்டுமே!

இந்த லட்சணத்தில் குட்டிக் காரின் கியர்பாக்ஸ் கையை விரித்துவிட்டது. வேறு வண்டி பார்க்க வேண்டிய கட்டாயம். இரண்டு சீட்டுள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் கார்தான் வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. எந்த வருஷத்து மாடல் என்பதில்தான் சண்டை. முதலில் வந்த மாடல் எடை குறைவு. ஸ்டீயரிங்கைப் பிடித்தால் தரையில் கிடக்கிற சின்னக் கல்கூட உள்ளங்கைக்குத் தெரியும். சில வருஷம் கழித்து வந்த மாடலில் எஞ்சின் கொஞ்சம் பலம், உடம்பும் கொஞ்சம் பெருத்துவிட்டது, ஸ்டீயரிங் ஊமை. பந்தயத்தில் இரண்டும் ஒரே பிரிவில்தான் ஓட வேண்டும். கோன் நடுவே நெளிந்து போகிற விளையாட்டுக்குப் பழைய மாடல்தான் என்று மைதானத்தில் எல்லோரும் சொன்னார்கள். எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் பல்செட்டு. பேசாத மனுஷன், அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் தொண்டை கட்டும் வரை பேசினார். "புது மாடல் வாங்குறவன் சோபா வாங்கிப் போட்டுக்கிட்டு வீட்டுலயே உக்காரலாம்" என்றார்.

விற்கிற இடத்தில் இரண்டு மாடலும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பழையதில் ஏறி உட்கார்ந்தார். அளவெடுத்துச் செய்த பல் வாயில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்தது. ஒரு சுற்று ஓட்டினார். திரும்பி வந்து இறங்கும்போது, அவர் கை தன் பாட்டுக்குக் கீழே போய் சீட்டை முன்னால் தள்ளியது. தான் ஓட்டி முடித்ததும் மனைவிக்காக அப்படித் தள்ளி வைப்பது பழைய வழக்கம். கை மறக்கவில்லை, அவர்தான் மறந்திருந்தார். தள்ளின சீட்டைப் பார்த்தார். ஸ்டீயரிங்கை மேலே கீழே நகர்த்த முடியாத மாடல் அது. அந்த இடத்தில் மனைவி உட்கார்ந்தால் ஸ்டீயரிங் நெஞ்சில் வந்து இடிக்கும். சீட்டும் மேலே எழும்பாது. எட்டிப் பார்த்தால்தான் கோன் தெரியும். விற்பவர், "எடுத்துக்கறீங்களாண்ணே?" என்றதற்கு, "நாளைக்கு வர்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

மனைவியைக் கூப்பிட்டால் முதுகு வலிக்கும். அதனால் பல்செட்டின் மூளை ஒரு வேலை செய்தது. பல் ஆஸ்பத்திரியிலிருந்து பிளாஸ்டர் அச்சுகளைக் கொண்டு வந்து தரும் வரவேற்புப் பெண் இருக்கிறாளே, அவளும் தன் மனைவியும் ஒரே உயரம்!

"ஒரு உதவிம்மா. ஒரு காருல உக்காரணும்."

"எங்கண்ணே போறோம்?"

"எங்கயும் போக வேணாம். சும்மா உக்காந்து கிளட்சை மிதிச்சாப் போதும்."

அச்சு வைத்து வேலை செய்கிறவருக்கு இதில் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. மறுநாள் விற்கிற இடத்தில், அவள் புது மாடலில் உட்கார்ந்து மிதித்தாள். கால் கடைசி வரை போகிறதா என்று இவர் மண்டி போட்டுப் பார்த்தார். சாலையில் டயர்க்கடைக்காரர் போனார்.

அதற்கடுத்த நாள் காலையில், பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு ஸ்கூல் பஸ் பல்செட்டின் பட்டறை வாசலில் வந்து நின்றது. மனைவி சீருடையோடு உள்ளே வந்தார்.

"யாருங்க அவ?"

"எவ?"

"காருல உக்கார வெச்சு காலைப் பாத்தீங்களாமே, அவ."

பல்செட்டின் கையில் யாருடையதோ கீழ்த்தாடை இருந்தது. அதைத் துடைத்தார். திருப்பித் துடைத்தார். "உன் உயரம்" என்றார்.

"என்னது?"

"அச்சு கொண்டு வர்ற ஆஸ்பத்திரிப் பொண்ணு. அவ உன் உயரம். அதான் அவளை உக்கார வெச்சுப் பாத்தேன். உனக்குக் கிளட்ச் எட்டுமான்னு."

மனைவி பஸ் சாவியை, அலமாரியில் சிரித்துக்கொண்டிருந்த தாடைகளுக்கு நடுவே வைத்தார்.

"என்னையே கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டா வந்திருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

மனைவி வாசல் பக்கம் திரும்பினார். அழப் போகிறாரோ என்று இவர் தாடையைக் கீழே வைத்தார். அவர் திரும்பி, "ஒசரம் ஒண்ணா இருந்தா ஆச்சா? நானும் அவளைப் பாத்திருக்கேன், அவளுக்குக் காலு நீளம். எனக்கு உடம்புதான் நீளம், காலு கட்டை. அவளுக்கு எட்டுறது எனக்கு எப்படி எட்டும்? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி இதுகூடத் தெரியலையா? கெளம்புங்க" என்றார்.

ஸ்கூல் பஸ்ஸில் ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனவர்கள் உலகத்தில் இவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். பழைய மாடலில் மனைவி உட்கார்ந்தார். ஸ்டீயரிங் நெஞ்சில் முட்டியது. புதிய மாடலில் உட்கார்ந்தார். சீட்டை ஏற்றி, ஸ்டீயரிங்கை இறக்கி, கிளட்சை மிதித்தார். மெத்தை எதுவும் இல்லாமல் கால் தரை வரை போனது. முன்கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே, "உங்களுக்கு அந்தப் பழையதுதானே பிடிச்சிருக்கு?" என்றார்.

"ஆமா."

"வண்டியும் அதுதான் வேகம்னு சொல்லுவீங்க."

"ஆமா. ஆனா அதுல ஒரு ஆளுதான் ஓட்ட முடியும்."

மனைவி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் ஜெயிச்சா மறுபடி ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்களா?"

பல்செட்டு யோசித்தார். பொய் சொல்லத் தெரியாது. "ரெண்டு நாள்."

"ஒரு நாள்."

"சரி, ஒரு நாள்."

வண்டி மனைவி பெயரில் பதிவானது.

முதல் ஞாயிறு. ஒரு காரை இரண்டு பேர் ஓட்டினால் முதலில் போகிறவர் பாடு கஷ்டம்: டயர் குளிர்ந்திருக்கும், தரையைப் பிடிக்காது. சூடான டயர் இரண்டாவதாகப் போகிறவருக்குத்தான் கிடைக்கும். அதனால் அனுபவசாலிகள் எப்போதும் இரண்டாவதாகத்தான் போவார்கள். பல்செட்டு யாரையும் கேட்கவில்லை, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முதலில் கிளம்பிவிட்டார். வழுக்கி வழுக்கிப் போய் மூன்று கோன்களைச் சாய்த்துவிட்டு வந்து நின்றார். மைதானம் ஊளையிட்டது. மனைவி ஏறி, சீட்டை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். பல்செட்டு குனிந்து, நான்கு டயரையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி.

டயர்க்கடைக்காரர் பக்கத்தில் வந்தார். "என்னண்ணே, இவ்வளவு பேசிட்டு கடைசில புது மாடலை வாங்கிட்டீங்க? ஊர்ல வேற என்னென்னமோ சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா..."

பல்செட்டு நிமிர்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக எதிரில் இருப்பவரின் பல்லைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தார்.

"குள்ளமான பொம்பளைக்குக் கார் வாங்கினேன்னு நீதானே சொன்ன? சரியாத்தான் சொல்லியிருக்க. ஆளைத்தான் மாத்திச் சொல்லிட்ட. இதோ உக்காந்திருக்கா பாரு. நான் டயரு சூடு பண்ற ஆளு. தள்ளு, அவ கெளம்பணும்."