ஜிமிக்கியைத்தான் துடைத்தாள்

மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் வந்த விமானத்திலேயே இடது காது குத்த ஆரம்பித்துவிட்டது. மறுநாள் சீழ் வந்தது. கிளினிக்கில் தமிழ் டாக்டரம்மா என் காதிலிருந்து ஈரப் பஞ்சை எடுத்ததும் வாடை அடித்தது. பெருநகர் கிராமத்தில், நான் பிறந்த வீட்டில் என் தலையணையில் அடித்த அதே வாடை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்ன வயதிலிருந்தே காது ஒழுகியது. அண்ணனுக்குக் கண் லேசாகச் சிவந்தாலே நைனா அவனைத் தூக்கிக்கொண்டு உத்திரமேரூர் பஸ் ஏறிவிடுவார். எனக்கு என்றால், "பொட்டப் புள்ளைக்கு வயசுக்கு வந்தா தானா நின்னுடும். அதுக்கு இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?" என்பார். ஊரே தலையாட்டும்.

வயசுக்கும் வந்தேன். மஞ்சள் நீராட்டில் போட்டோ எடுப்பதற்காக அம்மா என் காதுப் பஞ்சைப் பிடுங்கிப் போட்டாள். சீழ் வழிந்து புது ஜிமிக்கியில் இறங்கியது. "ஐயோ, நகை பாழாப் பூடும்டீ!" என்று பதறி, முந்தானையால் ஜிமிக்கியைத் துடைத்தாள். காதைத் துடைக்கவில்லை.

"செவிப்பறையில பழைய ஓட்டை இருக்கு. சொட்டு மருந்து தரேன், தண்ணி படாம பாத்துக்குங்க" என்றார் டாக்டரம்மா. "இதை அப்பவே ஏன் காட்டல?"

"வயசுக்கு வந்தா நின்னுடும்னு சொன்னாங்க. என் பொண்ணே வயசுக்கு வந்து, புள்ளையும் பெத்துட்டா டாக்டர். இன்னும் நிக்கல."