தாடையோரம் மூன்று கோடு

பெர்சிஸிடம் முகத்தைக் கொடுக்கிறவர்கள் முதலில் பால்கனிக்கு வந்தாக வேண்டும். திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய பார்லர். டியூப்லைட் வெளிச்சம் ஆளை ஏமாற்றும் என்பது அவள் கட்சி. அதனால் மணப்பெண்ணோ மகாராணியோ, கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிடுவாள். தாடையோரம், கழுத்து தொடங்குகிற இடத்தில், ஃபவுண்டேஷன் க்ரீமை மூன்று ஷேடில் எடுத்து மூன்று கோடு இழுப்பாள். கீழே மணலிக்குப் போகும் டேங்கர் லாரிகள் ஹாரன் அடித்துக் காதைக் கிழிக்க, பத்து நிமிஷம் அங்கேயே நிற்க வைப்பாள். காற்றுப் பட்டால் ஃபவுண்டேஷன் கொஞ்சம் கறுக்கும். கறுத்த பிறகுதான் அதன் யோக்கியதை தெரியும். பிறகு சொல்வாள்: "மூணுல எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமப் போச்சோ, அதாம்மா உன் கலரு."

பதினான்கு வருஷமாகச் சொல்கிறாள். கேட்டவர் யார்? வருகிறவர்கள் விரல் நீட்டுவதெல்லாம் பளிச்சென்று தெரிகிற கோட்டைப் பார்த்துத்தான். "இத்தப் போடுக்கா, இதான் சோக்கா கீது." அவள் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள், கூட வந்த அத்தையோ அம்மாவோ "அதான் சொல்றாள்ல" என்று முடித்துவிடுவார்கள். எம்.சி. ரோடு கடைகளில் கறுப்புத் தோலுக்கான ஷேடு கேட்டால், கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்ப்பார். "அதெல்லாம் போகாதும்மா" என்பார். சரி போகட்டும் என்று ஆன்லைனில் அவளே வரவழைத்து வைத்த பாட்டில்கள், சீல் உடையாமலே தேதி முடிந்து குப்பைக்குப் போகும். இவ்வளவு நியாயம் பேசுகிறாளே, அவள் முகத்தில் என்ன பூசியிருக்கிறாள் என்று கேட்பீர்கள். அவள் நிறத்துக்கு இரண்டு படி மேலேதான். கறுத்த முகத்தோடு கல்லாவில் உட்கார்ந்தால் எவள் நம்பி உள்ளே வருவாள்? வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வியாசர்பாடியிலிருந்து ரமாபாய் தன் மகள் மதியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்று சாயங்காலம் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை வல்லரசு எண்ணூர்க்காரன். கத்தாரில் கிரேன் ஓட்டுகிறான், லீவில் வந்திருக்கிறான். மதி மாதவரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். நல்ல கறுப்பு, களையான கறுப்பு. பெர்சிஸ் பால்கனிக்குக் கூப்பிட்டதும் ரமாபாய் குறுக்கே வந்து நின்றாள்.

"வெயில்லாம் வேணாம் பெர்சிஸ்மா. உன்னாண்ட இருக்கறதுலயே வெள்ளையா எது கீதோ, அத்தப் போட்டு உடு. ஏற்கெனவே மூணு பேரு வந்து போண்டா துன்னுட்டு, கடுதாசி போடறேன்னு போயிட்டானுங்க."

பெர்சிஸ் போட்டாள். முகம், கழுத்து, மணிக்கட்டு வரை கை. முழுக்கை ரவிக்கை போடச் சொன்னதும் அவள்தான். பெண் பிடித்துவிட்டது. அந்த வாரமே வல்லரசு விமானம் ஏறிவிட்டான். பிறகு நடந்ததெல்லாம் செல்போன் கல்யாணம்தான்.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது மதி தனியாக வந்தாள். லேபில் போடுகிற வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, ஆறு மாசமா வீடியோ கால்ல கூட பூசிகினுதான் பேசறேன். எங்கம்மா பக்கத்துலயே நிக்குது."

"அவராண்ட சொல்லிப் பாத்தியா?"

"சொன்னேங்கா. நான் நெசத்துல கறுப்புன்னு சொன்னேன். சிரிக்கறாரு. வெளாடாதன்றாரு. அதுக்கு மேல எப்டிக்கா சொல்றது? ரிசப்ஷனுக்கு என் கலர்லயே போட்டு உடுக்கா. என்னைப் பாக்கட்டும். புடிக்கலன்னா அன்னிக்கே சொல்லிட்டுப் போவட்டும். தாலி ஏறினதுக்கு அப்புறம் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிகினார்னா நான் எங்கக்கா போவேன்?"

பெர்சிஸ் அவளைப் பால்கனிக்கு அழைத்துப் போனாள். மூன்று கோடு இழுத்தாள். பத்து நிமிஷம் ஆனது. கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்த மதி கன்னத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "காணோமேக்கா! மூணாவது கோட்டக் காணோம்!" என்று சிரித்தாள். இத்தனை வருஷத் தொழிலில் கோடு காணாமல் போனதற்கு ஒருத்தி சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். "யாரு வந்து இன்னா சொன்னாலும் இதத்தான் போடுவேன், போ" என்று பெர்சிஸ் வாக்குக் கொடுத்துவிட்டாள். புது பாட்டில் வரவழைத்து, பைக்குள் தனியாகத் துணி சுற்றி வைத்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன். அன்று மண்டபத்து மேக்கப் ரூமில் மூன்று மணிக்கு ஆரம்பித்தாள். ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி நெற்றியும் ஒரு கன்னமும் முடிந்திருந்தது. அடடா, என்ன அழகாக இருந்தாள் அந்தப் பெண்! பூசியதே தெரியவில்லை, தூங்கி எழுந்து முகம் கழுவி வந்தவள்போல இருந்தாள். அந்த நேரம் பார்த்து ரமாபாய் பூக்கூடையோடு உள்ளே வந்தாள்.

"ஐயையோ! இன்னா பண்ணி வச்சிகீற? இன்னா கலரு இது?"

"நான்தாம்மா போடச் சொன்னேன்" என்றாள் மதி.

ரமாபாய் கத்துவாள் என்று பெர்சிஸ் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவள் பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாப்ள வூட்டு சொந்தம் முன்னூறு பேரு வரப்போறாங்கம்மா. அத்தினி பேர் போன்லயும் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எடுத்த போட்டோ கீது. பொண்ண மாத்திட்டியான்னு ஒருத்தன் கேட்டா நான் இன்னா சொல்வேன்? அப்பன் இல்லாத புள்ள. இந்தக் கல்யாணம் நின்னா இன்னொருத்தன் வருவானா?" தலையில் அடித்துக்கொண்டவள் சட்டென்று பெர்சிஸைப் பார்த்தாள். "அன்னிக்குப் பூசினதும் உன் கைதானே? அன்னிக்கு எங்க போச்சு உன் நாயம்?"

கேட்ட கேள்வியில் ஒரு சொல் பொய்யில்லை. பெர்சிஸ் மதியைப் பார்த்தாள். மதி அம்மாவைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நிமிர்த்திக் காட்டினாள், எதை வேண்டுமானாலும் பூசிக்கொள்ளுங்கள் என்பதுபோல. பெர்சிஸ் பஞ்சை நனைத்துப் பூசியதையெல்லாம் துடைத்தாள். வெளிர் ஷேடை எடுத்தாள். முகத்தில் மூன்று பூச்சு, கழுத்து, காது மடல், தோள், விரல் இடுக்கு வரை ஒன்றுவிடாமல் பூசினாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மனசு மட்டும், நீயெல்லாம் ஒரு மனுஷியா, வாக்கு என்று எதற்குக் கொடுத்தாய் என்று பிடுங்கியது.

மேடை விளக்கில் மதி பளபளவென்றிருந்தாள். வல்லரசு பக்கத்தில் நின்று சிரித்தான். ஏழரை மணிக்குப் புடவை மாற்ற மதி வருவாள் என்று பெர்சிஸ் ரூமில் காத்திருந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா வேம்பு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பெர்சிஸ் கையிலிருந்த வெளிர் பாட்டிலை அவசரமாகப் பைக்குள் தள்ளினாள்.

"பயப்படாத கண்ணு. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். தட்டு வைக்கக் குனியறப்போ பின்கழுத்தப் பாத்துட்டேன். நல்ல கொணமான பொண்ணு, அதான் வாயத் தொறக்கல."

பெர்சிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தம்மாள் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது.

"இப்ப பூசிகீறியே, அது இன்னா நம்பரு?" என்று கேட்டாள் வேம்பு.

"எதுக்கும்மா?"

"வூட்லயும் பூசிக்க வேணாமா? காலைல எந்திரிச்சி, பூசிகினு அப்புறம் ரூம விட்டு வெளிய வரட்டும். நாலு பேரு வந்து போற வூடு. ஒரு பாட்டில் எத்தினி நாளைக்கு வரும்?"

பெர்சிஸ் தட்டுத் தடுமாறிக் கேட்டாள். "மாப்ளைக்கு... மாப்ளைக்குத் தெரியுமாம்மா?"

"அவனாண்ட மட்டும் அன்னிக்கே சொல்லிட்டேன். அவந்தாம்மா கேட்டுகினு வரச் சொன்னான். கத்தாருக்குப் போறதுக்குள்ள ஒரு வருஷத்துக்கு வாங்கி வச்சிடறானாம். அவகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத. நாளைக்குத் தாலி ஏறட்டும், நானே பக்குவமா சொல்லிக்கறேன்."

பெர்சிஸ் நம்பரைச் சொன்னாள். வேம்பு அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் மதி வந்தாள். பின்னாலேயே புடவைப் பெட்டியோடு ரமாபாய். மதியின் முகத்தில் மதியம் இருந்த வாட்டம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும், அம்மாவுக்குக் கேட்காமல் பெர்சிஸின் காதோரம் பேசினாள்.

"அக்கா, நீ மனச உட்டுடாத. நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு விடிஞ்சதும், தாலிக்கு முன்னாடி, குளிச்ச மூஞ்சியோட அவராண்ட போய் நிக்கப் போறேன். நல்ல மாதிரிக்கா அவரு. மேடைல என் கை வேர்த்துதுன்னு தன் கர்ச்சீப்பக் குடுத்தாரு. அவருக்குத் தெரிஞ்சாப் போதும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவரு ஒத்துப்பாருக்கா, இல்ல?"

சொல்லிவிடலாம். ஒரு நிமிஷம் போதும். சொன்னால் இந்தப் பெண் எழுந்து எங்கே போவாள்? கதவுக்கு அந்தப் பக்கம் முன்னூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் அவள் அம்மா புடவையைப் பிரித்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். பெர்சிஸ் பவுடர் பஃபை எடுத்து மதியின் கன்னத்தில் அழுத்தினாள்.

"பேசாதம்மா," என்றாள். "உதட்டோரம் கலையுது."